மூன்றாம் எண் தூண்

ஜூலை 3, வியாழன்

கணினி இன்றும் நடுவழியில் நின்றுவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. ஒன்பது மாடிக் கட்டடத்தின் பலக் கணக்கு முக்கால்வாசி ஓடியிருந்தது. திரை அப்படியே உறைந்துபோய், மௌஸ் அம்புக்குறி கூட அசையவில்லை.

எங்கள் அலுவலகத்தில் கட்டடப் படம் வரையும் லியாவ் அக்கா வந்து, கணினியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். “தேதி முடிஞ்சு பத்து நாள் ஆச்சுடி. அதான் கோவிச்சுக்கிச்சு.” மதியமே புதுப் பொட்டலம் வந்துவிட்டது. பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. இயந்திரம் சமர்த்தாக ஓட வைக்கும் காணிக்கை; தைவானில், அதிலும் எங்கள் ஜியாயி ஊரில், இது இல்லாத இயந்திரம் உண்டா? நானும் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன்.

உதிரி பாகங்கள் வாங்கி நானே பூட்டிய கணினி. ப்ராசஸரை ஆலை வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டதும் நான்தான். ஐம்பது நிமிடக் கணக்கு முப்பத்தைந்தில் முடிந்தது. எங்கள் முதலாளி, எஞ்சினியர் கோ சார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். எஞ்சினியர் உரிமத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவளுக்கு அந்தப் பெருமை போதுமாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

நிற்கவில்லை. பொட்டலம் வாழ்க.

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே இரண்டு முறை நின்றது. பொட்டலத்தின் மவுசு மூன்று நாள்தான்.

முறையாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது. முதலில் தூசி. விசிறியைக் கழற்றினால் உள்ளே கம்பளி போலப் படிந்திருந்தது. ப்ராசஸர் மேல் புதுப் பசை தடவினேன். சூடு ஆறு டிகிரி இறங்கியது. மாலை மறுபடி நின்றது. ஆக, சூடு இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டினேன். எதைக் கழற்றினாலும் நிற்கிறது. அதுவும் இல்லை.

கடைசியில் ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். சாயங்காலம் வரை அருமையாக ஓடியது. கோ சார் தோளைத் தட்டி, “நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்மா” என்றார்.

சந்தோஷப்பட முடியவில்லை. போன வருடமும் இதே வைத்தியம்தான் செய்தேன். அதற்கு முந்தின வருடம் நவம்பரிலும். ஒவ்வொரு தடவையும் ஏன் இன்னும் கொஞ்சம் கேட்கிறது? அதிக மின்னழுத்தம் ப்ராசஸரை உள்ளே தேய்க்கும் என்பது தெரியாதவளா நான்? தேய்ந்ததால் ஏற்றுகிறேன். ஏற்றுவதால் தேய்கிறது.

ஜூலை 10, வியாழன்

வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு நீண்ட சோதனையை ஓடவிட்டேன். விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடச்சொல்லி, சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அது.

நான்காவது மணி நேரத்தில் ஒரு விடை தப்பு.

கணினி நிற்கவில்லை. ஒரு சத்தம், ஒரு சிவப்பு விளக்கு, ஒன்றும் கிடையாது. தப்பான விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. நின்று தொலைத்தபோதாவது அது உண்மையாக இருந்தது.

பிறகு பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். ‘வன்பொருள் பிழை, திருத்தப்பட்டது.’ ‘வன்பொருள் பிழை, திருத்தப்பட்டது.’ முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். முதல் வரி அந்த நவம்பரில். அப்போது திரை மூலையில் ஓர் அறிவிப்பு அடிக்கடி எட்டிப் பார்த்து, படத்தை மறைக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. அதை அணைத்துவைத்தது யார்? நான்.

திருத்தியதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறது. திருத்தாமல் விட்டதை யார் எழுதிவைப்பார்கள்?

ஜூலை 11, வெள்ளி

வேகத்தை ஆலை அளவுக்கே இறக்கினேன். சோதனையில் ஒரு பிழை இல்லை. கோளாறு தீர்ந்தது.

அந்த நவம்பரிலிருந்து இருபது மாதம். இந்தக் கணினி கணக்குப் போட்டது முப்பத்தொரு கட்டடம்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றும் இன்றும் அலுவலகத்தில் நான் மட்டும். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டி, பழைய விடையோடு ஒப்பிடுகிறேன். பதினேழு முடிந்தது. பதினேழும் கடைசி இலக்கம் வரை அப்படியே பொருந்துகின்றன. ஒவ்வொன்று முடியும்போதும் மூச்சு வருகிறது. வான்கோழிச் சோறு வாங்கி மேசையிலேயே தின்றேன். ஒருவேளை ஒன்றுமே இருக்காது.

ஜூலை 16, புதன்

இருபத்தாறாவது. ரயில் பாதைக்குப் பக்கத்து ஏழு மாடி. தரைத்தளத்துக்குக் கீழே, மூன்றாம் எண் தூண். இருபது கம்பி வேண்டும். நாங்கள் கொடுத்தது பதினான்கு.

நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவையும் இருபது.

கட்டடத்தின் அந்தப் பக்கம் இதற்கு ஜோடியான ஆறாம் எண் தூணுக்கு முதலிலேயே இருபதுதான். படத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன, கண் இருந்தால் தெரியும். லியாவ் அக்காவுக்குக் கண் இருந்தது. “ஏன்டி, இந்தப் பக்கம் மட்டும் இளைச்சிருக்கு?” என்று அன்றைக்கே கேட்டார். நான் என்ன சொன்னேன்? “கம்ப்யூட்டர் போட்ட கணக்குக்கா. உங்க கண்ணு போட்டது இல்ல.” சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஐயோ.

ஜூலை 17, வியாழன்

போய்ப் பார்த்தேன். அந்த ஏழு மாடியில் மொத்தம் இருபத்தாறு வீடு, பாதிக்கு மேல் குடிவந்தாயிற்று. பேய் மாதத்தில் வீடு மாறக் கூடாது, அது பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று மீதிப் பேரும் அவசரப்படுகிறார்கள். லிஃப்ட்டில் ஒரு பெண், புது வீட்டுக்கு முதலில் கொண்டுபோகும், சிவப்புக் காகிதம் ஒட்டிய அரிசிப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீங்க எந்த மாடி?” என்று கேட்டாள். தெரிந்தவரைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அந்தத் தூணைக் கையால் தொட்டேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். மற்றத் தூண்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கோ சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், அணைத்துவைத்த அறிவிப்பு உட்பட.

அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தூணுக்கு மட்டும் கையாலேயே கணக்குப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்.

“கட்டடம் நிக்கும்மா. கொஞ்சம் கூடுதல் பலம் வச்சுத்தானே எல்லாத்தையும் போடறோம். சும்மா நிக்கறதுக்கு ஒரு குறையும் இல்ல.”

“பெருசா நிலம் ஆடினா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டு நாள் டைம் குடு.”

ஜூலை 21, திங்கள்

கோ சார் கேட்ட ரெண்டு நாள் போய்விட்டது. இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு நிலம் ஆடியது. சின்னதுதான், மேசையில் தேநீர் சிந்தவில்லை. லியாவ் அக்கா பென்சிலைக் கூடக் கீழே வைக்கவில்லை. நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அந்த அரிசிப் பானைக்காரி எந்த மாடி? அதைக்கூடக் கேக்கலையே நான்.

வெளியே வந்து நேராக கோ சார் அறைக்குப் போனேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் வியாழக்கிழமை நான் கட்டடக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“உரிமத் தேர்வு எழுதணும்ல நீ? இது வெளிய வந்தா உன் பேரும் நாறிப்போகும். யோசிச்சியா?”

“யோசிச்சேன் சார்.”

யோசிக்கவில்லை. பொய்தான் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

கோ சார் டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் டை கட்டி நான் பார்த்ததே இல்லை.

கட்டடக்காரர் திங், அவருடைய வக்கீல், நாங்கள் இருவர். கோ சார் எழுந்து நின்று தலை தாழ்த்தினார். “மூணாம் நம்பர் பில்லர் கணக்கை நான் தப்பாப் போட்டுட்டேன். பலப்படுத்தணும். செலவுல என் பங்கை ஏத்துக்கறேன்” என்றார். அவ்வளவுதான். கணினி என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

திங் மேசையை அறைந்தார். “முப்பது வருஷ சர்வீஸ்னு பீத்திக்கிட்டியேய்யா! பள்ளிக்கூடப் பையன் கூட இந்தத் தப்பு பண்ண மாட்டான்.” இன்னும் என்னென்னவோ. அத்தனையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

நான் குறிப்பெடுக்க வந்தவள் மாதிரி நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை. மேசைக்கு அடியில் போனவள்தானே.

வண்டியில் கேட்டேன், ஏன் சார் என்று. ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “மெஷின் பண்ணிச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. படத்துல முத்திரை குத்தினவன் நான். எதிர்த்தாப்பல அதே மாதிரி பில்லருக்கு இருபது கம்பி இருக்கு, பாத்துட்டுத்தானே குத்தினேன்?” கொஞ்ச தூரம் போய், “நீ பரீட்சைக்குப் படி” என்றார்.

ஜூலை 25, வெள்ளி

லியாவ் அக்கா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். “அன்னிக்குக் கேட்டேன்ல?”

செப்டம்பர் 30, செவ்வாய்

அலுவலகத்தை இன்றோடு மூடியாயிற்று. கோ சாரின் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து இந்த ஊரில் அவரிடம் யார் கட்டடப் படம் கொடுப்பார்கள்? வீட்டில் மீன் வளர்க்கப்போகிறாராம்.

நவம்பர் 12, புதன்

தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன வாரமே போய்விட்டது. வேண்டுமென்றுதான் விட்டேன்.

ஜனவரி 17, சனி

பலப்படுத்தும் வேலை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். யாரும் கூப்பிடவில்லை. போனேன்.

மூன்றாம் எண் தூண் இப்போது நாலு பக்கமும் ஒரு சாண் பருத்து நிற்கிறது. பக்கத்து வண்டி இடத்தின் கோடு தூணுக்குள் போய்விட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாம்பல் நிற வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து சக்கரத்தை உதைத்தார்.

“எந்த மடையன் கணக்குப் போட்டானோ! கோன்னு ஒரு கிழவன். நோட்டீஸ்ல பேரு போட்டிருக்கு பாரு. என் கையில மாட்டினா இந்தத் தூணோட சேத்துக் கட்டிடுவேன்.”

“அவர் இல்லீங்க.”

“பின்னே எவன்?”

“நான்தான். நான் போட்ட கணக்கு. அவர் எனக்காக ஏத்துக்கிட்டார்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். நான் நகரவில்லை.

“நீயா?” என்றார். பிறகு, “சரி, அங்க நில்லு. பின்னால எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லு.”

தூணில் முதுகை ஒட்டி நின்றேன். வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம் வாங்க என்றேன். பின்சுவருக்கு நான்கு விரற்கடை இருக்கும்போது நிறுத்தச் சொன்னேன். தூண் மறித்ததில் அவர் பக்கத்துக் கதவைத் திறக்க இடமில்லை. உள்ளேயே தவழ்ந்து மறுபக்கமாக இறங்கினார்.

என் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். கைபேசியில் எழுதி, சரிதானா என்று என் முகத்துக்கு நேரே காட்டினார். சரிதான் என்றேன்.