பழைய போட்டோடு போன சாவி

இஞ்சேருங்கோ, உங்களுடைய கொம்பியூட்டரின் பழைய மதர்போட் இப்போது குசினி மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சந்தியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிண்ணியா ரிஷாத் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்துவிட்டார். பையைப் பிரித்ததும் துருவும் கடலும் கலந்த மணம் அடித்தது. பலகை நெடுகப் பச்சை பூத்திருக்கிறது. தொட்டால் மாவாக உதிர்கிறது. எல்லாம் நீங்கள் பார்த்த வேலை.

பெட்டி சூடாகிறதென்று பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, துறைமுகத்தைப் பார்த்த யன்னலடியில் அதைத் தூக்கி வைத்தவர் நீங்கள். இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இதுதான் வைத்தியம். "கடக்காத்து நேர உள்ளுக்குப் போகுதப்பா, மூடுங்கோ" என்று எத்தனை தரம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! "காத்துப் பட்டாத்தான் அது பழுதாகாமக் கிடக்கும். உமக்கு இதுகள் விளங்காது" என்பீர்கள். எனக்கு விளங்காதுதான். அந்த யன்னலின் கம்பி உப்பில் இற்று விழுந்ததை நாம் மாற்றியது மட்டும் விளங்கும்.

சென்ற மாதம் பொத்தானை அமத்தினால் விளக்கு எரிந்தது, திரை வரவில்லை. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ரிஷாத்திடம் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்துவிட்டுச் உச்சுக்கொட்டினார்.

"போட் முடிஞ்சி டீச்சர், உப்புத் தின்னுட்டு. பயப்புடாதீங்க, டிஸ்க் நல்லா இரிக்கி. வேற போட் மாத்தினாச் சரி."

டிஸ்க் நல்லாயிருக்கிறது என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைக் கதிரையில் இருந்தபடியே அழுதுவிட்டேன். பாவம், அந்த மனுசன் பயந்துபோய்ச் சோடா வாங்கித் தந்தார்.

அந்த டிஸ்க்குக்குள் என்ன கிடக்கிறதென்று அவருக்கு என்ன தெரியும்? கடல் ஊருக்குள் வந்த அன்று நம் அலுமாரியும் அல்பங்களும் மட்டுமா போயின? பிள்ளையும் அல்லவா போனாள். அவள் இருந்தாள் என்று காட்ட ஒரு படம்கூட நம்மிடம் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் ஊர் ஊராகப் போகத் தொடங்கினீர்கள். திரியாய், மூதூர், வெருகல் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி, அவர்களுடைய கலியாண அல்பங்களை மடியில் விரித்து, கூட்டத்துக்குள் நம் மகளைத் தேடினீர்கள். ஒரு படத்தில் யாரோ ஒருத்தியின் சேலைக்குப் பின்னால் அரை முகம். இன்னொன்றில் சாப்பாட்டு மேசையடியில் முதுகு மட்டும். வெருகலில் உங்கள் மச்சாள் ராணியின் கலியாணப் படத்தில்தான் அவள் ஐஸ்கிறீம் கோப்பையோடு நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதைக் கொம்பியூட்டரில் ஏற்றிய அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தேத்தண்ணியோடு இரண்டு கதிரை போட்டு அதற்கு முன்னால் இருப்போம். நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுவீர்கள். "இஞ்ச பாரும், இதில உம்மட மூக்கு" என்பீர்கள். "அது உங்கட மூக்கு" என்று நான் சண்டை பிடிப்பேன். ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவோம் என்று கேட்டால், "வாறவை எல்லாம் பாத்து அழுவினம், வேண்டாம்" என்று மறித்தீர்கள். என் போனில் ஏற்றித் தாருங்கள் என்றால், போன் களவு போகும் என்றீர்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

புது போட் பூட்டிய அன்று ரிஷாத் என்னைக் கூப்பிட்டார். திரை வந்திருந்தது, ஆனால் முழுக்க நீலம். நடுவில் வெறும் கட்டங்கள்.

"டீச்சர், நம்ம சேர் டிஸ்க்குக்கு லொக் போட்டிரிக்கார். அந்த லொக் பழைய போட்டோட சேந்துதான் வேல செஞ்சிரிக்கி. இப்ப போட் மாறினதும் ஆரோ களவெடுத்திட்டாங்க எண்டு நெனச்சி, பெரிய நம்பர் ஒண்டு கேக்குது."

"பழசைத் திருத்த ஏலாதா தம்பி?"

"கழுவிப் பாத்தன், சூடாக்கிப் பாத்தன். ஏலாது டீச்சர்."

எனக்கு நினைவு வந்தது. எங்கோ ஒரு ரிப்பேர் கடையில் யாரோ வீட்டுப் பெண்பிள்ளையின் படம் வெளியே போய்விட்டதாக ஒரு கதை கேட்டு வந்து, அன்றிரவே அதற்கு முன்னால் இருந்து அந்தப் பூட்டைப் போட்டீர்கள். "இனி ஒருத்தராலயும் எங்கட பிள்ளையைத் திறந்து பாக்க ஏலாது" என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஓம் அப்பா, ஒருத்தராலும் ஏலாது. என்னாலும் ஏலாது. அந்த நம்பரை எனக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் சரிந்து, அப்படியே போய்விட்ட மனுசனிடம் நான் எதைக் கேட்டிருப்பேன்?

நம்பர் உங்கள் இமெயிலில் கிடக்கும் என்றார் ரிஷாத். இமெயிலைத் திறக்க உங்கள் போனுக்கு ஒரு குறியீடு வருமாம். நீங்கள் போன பிறகு அந்த சிம்முக்கு யார் ரீலோட் போட்டது? அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். அப்படியொரு இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று பாசையிலும் சொன்னது. கொம்பனியில் கேட்டால், அந்த இலக்கத்தைத் திருப்பி எடுக்க வழியில்லையாம். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர். இது தொலையவில்லையே, என் கையில்தானே இருக்கிறது. அவரிடம் என்னவென்று கேட்பது?

நேற்று வெருகலுக்கு, ராணிக்குப் போன் எடுத்தேன். அந்தக் கலியாண அல்பத்தை ஒருக்காத் தா, படம் பிடித்துக்கொண்டு தருகிறேன் என்றேன்.

"ஐயோ அக்கா, அது முழுக்கக் கறையான் அரிச்சுப்போட்டுது. அத்தான்ர கொம்பியூட்டரில எல்லாம் பத்திரமாக் கிடக்குதுதானே எண்டு எறிஞ்சுபோட்டம்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? நான் அவளை எப்போதும் இடது தோளில் போட்டுத்தான் தூங்கவைப்பேன். அந்தப் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. கழுத்தில் பட்ட மூச்சின் சூடும் இருக்கிறது. ஆனால் தோளில் கிடக்கிற பிள்ளையின் முகம் தாய்க்குத் தெரியாது அப்பா. சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் ஒரு குழி விழுமே, அது எந்தக் கன்னத்தில்? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பெற்றவள் நான், எனக்கு ஞாபகம் வரவில்லை.