புஷ்பம் குழாய்த் தண்ணீர்

இன்று காலை நம் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் ஒரு குப்பியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது. சீர்காழிப் பக்கமிருந்து வந்த தண்ணீர், இரவோடு இரவாகக் கறுத்துப்போயிருந்தது. சாக்கடை கலந்த தண்ணீர் மருந்து வைத்த அந்தக் குப்பியில் அப்படித்தான் கறுக்கும். இந்த நாற்றத்துக்கு நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "சொல்ல வேண்டியதச் சொல்லிடுச்சுடி" என்பாய். உன் மேசையில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். அந்த மேசையைப் பார்த்தபடியே நின்றேன். மனம் கும்பகோணத்துக்குப் போய்விட்டது.

அங்கே ஒரு சந்தில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. ஒரு சிறுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்துவர நம் இருவரையும் அனுப்பினார்கள். சந்து முழுவதும் குடித்தது சூசை ஐயா வீட்டு வாசல் குழாயில்தான். இறந்துபோன மனைவி புஷ்பத்தின் நினைவாக போர் போட்டு, தெருவுக்கே தண்ணீர் விட்டிருந்தார். 'புஷ்பம் குழாய்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

நாம் சந்தேகத்தைச் சொன்னதும் உள்ளே போய், பேனா போலிருந்த ஒரு மீட்டரை எடுத்துவந்து தண்ணீரில் முக்கிக் காட்டினார்.

"நம்பரப் பாருங்கம்மா. கேன் தண்ணிகூட இப்படி இருக்காது. என் பொஞ்சாதி பேர்ல குடுக்குறதப் போயி அசுத்தம்ங்கிறீங்களே?"

அவர் குரல் உடைந்தது. எனக்கு அங்கிருந்து கிளம்பிவிட்டால் போதும் என்றிருந்தது. நீயோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"அது உப்ப மட்டும்தாங்க ஐயா காட்டும். கிருமி அதுக்குத் தெரியாது. நான் சொல்றதயும் நம்ப வேண்டாம். இந்தக் குப்பியில நீங்களே புடிச்சு உங்க வீட்டுலயே வைங்க. கறுத்தா சாக்கடை கலக்குதுன்னு அர்த்தம். நாளைக்கு வந்து சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் எல்லாரையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

அவர் தண்ணீரைப் பிடித்து, மனைவியின் படத்துக்குக் கீழே வைத்தார். தஞ்சாவூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் உன்னிடம் கோபப்பட்டேன். "நாமளே பார்த்து ரிப்போர்ட் அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பலாம். ஆனா குழாய மூடப்போறது அவர்தானே?"

மறுநாள் போனபோது குழாயின் வாய் சாக்கால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. சூசை ஐயா பக்கத்திலேயே நின்றார்.

"கறுத்துடுச்சும்மா. நாந்தான் கட்டுனேன். புஷ்பம் இருந்திருந்தா எனக்கு முன்னாடி அவ கட்டியிருப்பா" என்றவர் அழுதுவிட்டார்.

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "எங்க கலக்குதுன்னு பார்த்துடலாங்க ஐயா. இதச் சரிபண்ண முடியும்."

பக்கத்து வீட்டின் பழைய செப்டிக் டேங்க் விரிசல் விட்டு, போர் குழாயை ஒட்டிய மண் வழியே கசிந்துகொண்டிருந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து அதை இடித்துத் தள்ளி வேறிடத்தில் கட்டினார்கள். போரைச் சுற்றி சிமென்ட் பூசினார்கள், குளோரின் ஊற்றிக் கழுவினார்கள். அப்படியும் குப்பி கறுத்தது. மறுபடி கழுவினோம், மறுபடியும் கறுத்தது. அதற்குள் நீ படுக்கையில் விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால் உன் உடம்பைப் பற்றிப் பேசவிடமாட்டாய். "புஷ்பம் என்னடி சொல்லுது?" என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பதில் சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை.

நீ கண்மூடிப் போன பிறகு, ஐப்பசி மழையெல்லாம் ஓய்ந்து ஒருநாள் குப்பி தெளிவாகவே நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்து, சோதனைக்கூடத்திலும் எல்லாச் சோதனையும் செய்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது. குழாயைத் திறந்த அன்று, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் சிறுமிதான் முதல் குடத்தைப் பிடித்தாள். சூசை ஐயா ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"அந்தம்மாவுக்கும் சேர்த்துக் குடிங்க."

குடித்தேன். ருசி எதுவும் தெரியவில்லை, கண்தான் நிறைந்தது.

இப்போதெல்லாம் கெட்ட முடிவு வந்தால் நான் நேரிலேயே போகிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். நல்ல சேதியோடு போகும் நாள் வரும்வரை அந்தத் தெருவை விடுவதில்லை. சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் "எதுக்கு மேடம் இவ்ளோ அலைச்சல்?" என்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. என்னோடு வந்து பார்க்கட்டும், கொஞ்சமாவது தெரிந்துகொள்வார்கள்.