அந்த வாரம் வரவில்லை

கச்சிராயபாளையம்,
6-1-1988

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. நானும் குழந்தை எழில்மதியும் சுகம். கடலூர் ஜெயிலில் உங்கள் சுகம் எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. வாய் நன்றாக வேலை செய்கிறது என்று என் தம்பி பழனி வந்து சொல்லிவிட்டான். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியும் படிக்கட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

முதலில் ஊர் விஷயம். கோமுகி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. நம் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு பொங்கல் கழித்துத்தான் என்கிறார்கள், ஆள்தான் கிடைக்கவில்லை. செவலை மாடு கன்று போட்டது, கிடேரி. உங்கள் அண்ணன் கரும்பு ஏற்ற வண்டி தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இது போதும். இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பழனியிடம் உங்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பினேன். கடையில் வாங்கியதல்ல, நானே சேர்த்துக் கட்டியது. ஆண்டாள் டீச்சர் வாங்கும் வாரப் பத்திரிகை நாலு வீடு சுற்றிக் கடைசியில் என்னிடம் வரும். அதிலிருந்து தொடர்கதை, நடுநடுவே சிறுகதை, சிரிப்புத் துணுக்கு, கைவைத்தியம், கோலம் என்று கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, கள்ளக்குறிச்சி பைண்டிங் கடை ராசுவிடம் கொடுத்து அட்டை போட்டேன். ஜெயிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே என்று மனசு கேட்காமல் அனுப்பினேன்.

அதை நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்களோடு இருக்கும் பி.ஏ. படித்த சிவசங்கர் வாங்கிப் புரட்டிவிட்டு, "இன்னாண்ணே இது, மளிகைக் கட மாதிரி எல்லாம் கலந்து இருக்குது?" என்று கேட்டாராம். அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்களும் கூடச் சேர்ந்துகொண்டு, "பொம்பளைங்க பொழுது போவாம கிழிச்சி சேத்து வெச்சிக்கினு இருக்கிற குப்பப்பா" என்றீர்களாமே! அடுத்த தடவை உருப்படியாக ஒரு தடித்த புத்தகம் அனுப்பச் சொன்னீர்களாம்.

பொழுது போகாமலா? எனக்குப் பொழுது எங்கே இருக்கிறது, போகாமல் கிடப்பதற்கு? தடித்த புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கம் படிப்பதற்குள் மாடு கத்தும், இல்லை குழந்தை கத்தும். மறுபடி எடுக்கும்போது யார் யாருக்கு அண்ணன் என்றே மறந்து போயிருக்கும். என் புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே திறந்தாலும் அங்கேயே ஒன்று தொடங்கி அங்கேயே முடியும். மோட்டார் ஓடும்போது வரப்பில் உட்கார்ந்து ஒரு சிறுகதை, உலை கொதிப்பதற்குள் ரெண்டு துணுக்கு. பிடிக்காததைத் தாண்டிப் போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரு பக்கத்தில் அழுதுவிட்டு அடுத்த பக்கத்தில் சிரித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போகலாம். போன வருஷம் கட்டிய புத்தகத்தை ஆண்டாள் டீச்சர் மலைமேல் அவர் வேலை பார்க்கும் கரியாலூருக்கு எடுத்துப் போனார். அது இன்னும் திரும்பவில்லை. மலையில் வீடு வீடாகக் கைமாறிக்கொண்டிருக்கிறதாம். அவர்களெல்லாம் குப்பையா படிக்கிறார்கள்?

நம் பிள்ளைகள் படிக்கவேண்டும், அவர்களுக்கு உத்தியோகத்தில் இடம் வேண்டும் என்றுதானே சாலை மறியலுக்குப் போனீர்கள்? நான் தடுத்தேனா? புளிச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகள் படிப்பதற்காக ஜெயிலுக்குப் போனவருக்கு, பெண்டாட்டி படிப்பது சிரிப்பாக இருக்கிறதா? எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இப்படித் துண்டு துண்டாகப் படித்ததுதான்.

நான் இப்படிப் புழுங்கிக்கொண்டிருக்கும்போது நேற்று உங்கள் கார்டு வந்தது. சிரித்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. கேஸைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எழுதிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி. தொடர்கதையில் நடுவே ஒரு வாரம் காணவில்லையே, ஏன் என்று சிவசங்கர் கேட்கச் சொன்னாராம். சிவசங்கருக்காகவா அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறீர்கள்? குப்பையை உட்கார்ந்து படித்தவர் யார் என்று எனக்குத் தெரியாதா?

ஏன் இல்லை என்று என்னையா கேட்கிறீர்கள்? புரட்டாசியில் கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டது யார்? பஸ் ஓடவில்லை, பத்திரிகைக் கட்டும் வரவில்லை. திருக்கோவிலூரில் என் சித்தி வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. இந்தப் பக்கம் யார் சேர்த்துக் கட்டியிருந்தாலும் அந்த வாரம் மட்டும் இருக்காது. மரத்தை வெட்டிப் போட்டவரே கதை எங்கே என்று என்னைக் கேட்கிறார்!

அந்த வாரம் எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள், செத்தவர்கள் பேர் சொல்லவில்லை. நீங்கள் ஜெயிலில் இருக்கிறீர்கள் என்று ஆள் வந்து சொல்லும்வரை நான் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்துபோனேன் மாமா. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

இதில், "அக்கா, மாமாவுக்கு ஜாமீன் வந்தாச்சி, அவருதான் வர மாட்டேங்கறாரு" என்று பழனி சொல்கிறான். கூட இருப்பவர்கள் எல்லோருக்கும் கிடைத்தால்தான் வருவேன், தனியாக வந்தால் ஊர் என்ன பேசும் என்கிறீர்களாம். ஊர் பேசட்டும். வயிற்றில் ஆறு மாசப் பிள்ளையோடு நான் புல்லுக்கட்டு சுமப்பதையும் அந்த ஊர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கதையைக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முந்தின வாரத்தில் பொன்னம்மாவின் புருஷன் ரோஷப்பட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். அடுத்து இருக்கும் வாரத்தில் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நடுவில் யாராவது போய் அழைத்தார்களா, தானாக வந்தானா, தலையைக் குனிந்துகொண்டு வந்தானா, ஒன்றும் தெரியாது. முதலில் எனக்கும் அது குறையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. பொன்னம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிறாள்.

நீங்களும் வந்துவிடுங்கள். எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். யாரையும் கேட்க விடவும் மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள்
அம்சவள்ளி