மார்னா வீட்டுச் சிவப்புக் குச்சிகள்

ஆர்விட்,

காட்டரிசி சூப் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

காலையில் பக்கத்து வீட்டு மார்னா வந்தாள். "ஆர்விட் இலையை மெதுவா பிச்சுக் காட்டினாரு. கிழிஞ்ச பாதி கீழ விழாம, இலைக்குள்ளேருந்து வந்த வெள்ளை நூல்ல தொங்குச்சு! அப்படித் தொங்கினா டாக்வுட்டாமே!" என்று ஒரே பூரிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் நீ எனக்குக் காட்டிய வித்தை அது.

மார்ச்சில் நம் சிவப்புத் தண்டு டாக்வுட் செடியிலிருந்து வெட்டி, நீயே போய் அவள் வேலியோரம் நட்டுக்கொடுத்த பத்துக் குச்சியும் இன்னும் துளிர்க்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். மொட்டெல்லாம் தரையைப் பார்க்கின்றன, பத்தும் தலைகீழ்.

அவளிடம் சொல்லவில்லை.

— லோர்னா

பி.கு: முப்பது வருஷமாகக் குச்சி நடுகிறாய், ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. அன்றைக்கு எங்கே பார்த்துக்கொண்டு நட்டாய்?