சிவப்புக் கிளிப்

மச்சான்,

நேற்று இந்தக் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புக் காயவிடப் போனேன். மலிவான சவர்க்காரத்தூள் மணம் முகத்தில் அடித்தது. இந்த மணம் வந்தால் எனக்கு யுத்தம் ஞாபகம் வருகிறது. அதற்கு நீதான் காரணம்.

நாம் இருந்த ஹைமில், அந்த அகதிகள் விடுதியில், வானொலி ஒழுங்காகக் கேட்ட ஒரே இடம் மேல்மாடியில் உடுப்புக் காயவிடும் அறை. தொண்ணூற்றைந்தில் பலாலியிலிருந்து இராணுவம் நகரத் தொடங்கியதும் மாலைச் செய்திக்கு எல்லோரும் அங்கேதான் ஏறுவோம். ஈரச் சாரங்களுக்கும் சட்டைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்போம். ஒரு நாள் நீ வெறுமையாய்க் கிடந்த உடுப்புக்கொடியைக் காட்டி, "இந்த முனை அச்சுவேலி, அந்த முனை நாவற்குழிப் பாலம்" என்றாய். ஆளுக்கொரு கிளிப் குத்தினாய். கோண்டாவிலில் என் வீட்டாருக்கு மஞ்சள். நீர்வேலியில் தனியே இருந்த உன் அம்மாவுக்குச் சிவப்பு. செய்தியில் ஊர்ப்பெயர்கள் வரவரக் கிளிப்புகளைத் தள்ளினோம்.

ஹைமில் எல்லாச் சண்டைக்கும் விளக்கம் சொன்ன மனிதருக்கு ஜெனரல் அண்ணை என்று பெயர் வைத்திருந்தோமே. "இது பின்வாங்கலில்லைத் தம்பி, உள்ள விட்டு அடிக்கிற பிளான்" என்றார் ஒரு நாள்.

"அண்ணை, உங்கட கிளிப் எங்க?" என்று கேட்டாய்.

"எங்கட ஆக்கள் எல்லாம் கனடாவிலயடா."

"அப்ப உங்களுக்கு இந்தக் கயிறு நீளம் காணாது. தள்ளி நில்லுங்கோ, லைற்றை மறைக்கிறியள்."

அறையே சிரித்தது. எனக்கு அந்த மனிதர்மேல் இன்றும் கோபம் போகவில்லை. கொடியில் ஒரு கிளிப்கூட இல்லாதவர்களிடம்தான் திட்டங்கள் நிறைய இருந்தன.

ஐப்பசிக் கடைசியில் வலிகாமத்துச் சனமெல்லாம் மழைக்குள் வெளிக்கிட்டது. கிளிப்புகள் பாலத்து முனையில் ஒன்றையொன்று நெரித்தன. சிவப்பு மட்டும் நீர்வேலியிலேயே நின்றது. தள்ளப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"தொடாத. அவவுக்கு முழங்கால் ஏலாது. ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

அதற்குப் பிறகு அந்தக் கொடியில் ஒருவரும் உடுப்புப் போடவில்லை.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. யாரோ அவவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டே பாலம் கடந்திருக்கிறார்கள்; சாவகச்சேரிப் பள்ளிக்கூடமொன்றில் இருக்கிறா. நீ படிகளில் பாய்ந்து ஏறிச் சிவப்புக் கிளிப்பைக் கொண்டுபோய் அந்த முனையில் குத்தினாய். "கிழவி என்னைவிட ஸ்பீட்டடா!" என்று கத்தினாய். அந்த வருடத்தில் எனக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றுவது அந்த ஒரு பின்னேரம்தான்.

தை மாதம், கோப்பை கழுவும் வேலைக்குச் சைக்கிளில் போன நீ உறைபனியில் சறுக்கி விழுந்தாய். யுத்தத்துக்குத் தப்பி வந்தவன் ஒரு ரெஸ்ரோரன்ட் அழுக்குக் கோப்பைக்காகச் செத்தாய். பிறகு அகதி விசாரணைக்கு இன்ன நாள் வா என்று உன் பெயருக்கு ஒரு டெர்மின் வந்தது. நீ வரமாட்டாய் என்று போய்ச் சொன்னேன். அதற்கும் ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள்.

ஹைமை விட்டு ஸ்டுட்கார்ட்டுக்கு வரும்போது சிவப்புக் கிளிப்பைக் கழற்றி எடுத்து வந்தேன். சித்திரையில் சனம் ஊருக்குத் திரும்புகிறது என்றார்கள். அம்மா திரும்பினாவா, இல்லை வன்னிக்குப் போனாவா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிளிப் என் ஜாக்கெட் பைக்குள்ளேயே கிடந்தது.

போன கிழமை தமிழ்க் கடையில், ஊரிலிருந்து வந்த ஒரு அக்காவைக் கண்டேன். நீர்வேலி என்றா. உன் அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், வீட்டிலதான் இருக்கிறா. கூரையில பாதிதான் மிச்சம். மகன்ட விசயம் சொன்னவையாம். ரெண்டு நாள் பாயிலயே கிடந்தவ. பிறகு எழும்பி வாழைக்குத் தண்ணி இறைக்கப் போயிட்டா."

நேற்று அந்த நிலவறையில் பையிலிருந்து கிளிப்பை எடுத்து, கொடியில் நீர்வேலி வரும் இடம் பார்த்துக் குத்தினேன். ஈரச் சட்டைகளை அதற்கு இரண்டு பக்கமும் இடம்விட்டுத் தள்ளிப் போட்டேன்.