இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்

அன்பு மகள் ப்ரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் சளி இருமல் ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஹூஸ்டன் வெக்கையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மார்ச் முடியப்போகிறது, ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. அப்பா பனிக்கட்டிமேல் வைத்திருந்த தன் மீன்பிடிக் குடிசையை ஏரியிலிருந்து இழுத்து வந்து, கார் வருகிற வழியை அடைத்து நிறுத்தியிருக்கிறார், இதோ நகர்த்துகிறேன் என்கிறார், நகர்த்தின பாடில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு இப்போது இருக்கிற எரிச்சல் வேறு, போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், இந்த மே மாதம் உயிரியலில் இரண்டாண்டுப் பட்டம் என் கைக்கு வந்தாக வேண்டும். பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கம்யூனிட்டி காலேஜ் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமாக இழுத்துப் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பட்டத்தோடு வந்தால் ஏரித் தண்ணீர் சோதிக்கிற இடத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது உடற்கூறு பாடத்தின் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். பன்றிக்குட்டியை அறுத்து உறுப்பு உறுப்பாக ஊசி குத்தி வைத்திருப்பார்கள், நாம் பெயர் எழுத வேண்டும். அப்பா சாப்பிடும்போது முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் குத்திக் காட்டி, இது மண்ணீரலா கணையமா என்று கிண்டல் பண்ணுகிற அளவுக்குப் படித்து வைத்திருந்தேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் பார்த்து நம் சர்ச் ஓடகார்ட் பெரியவர் கண்ணை மூடினார், அடக்கமும் வெள்ளிக்கிழமை என்றாகிவிட்டது. சர்ச் கீழ்த்தளத்தில் சாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது இந்த மாதம் எங்கள் குழுவின் முறை. குழுவை நடத்துகிற மார்லிஸ் போன் பண்ணினாள். "உனக்குத்தான் பரிட்சை இருக்கே, நீ வராத, நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கிறோம்" என்றாள். நீ இந்த ஊரில் பிறந்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வராமல்தான் இருந்துபாரேன் என்று அர்த்தம். பரிட்சையை விட்டுவிட்டுப் போனேன். பன்னுக்குள் பன்றி இறைச்சி வைத்து வைத்துக் கை ஓய்ந்துபோனது. மார்லிஸ் என்னைப் பார்த்ததும், ஐயோ நீ வந்திருக்கவே வேண்டாமே என்று சொல்லிக்கொண்டே ஏப்ரனை நீட்டினாள்.

திங்கட்கிழமை போய் எங்கள் வாத்தியார் ராசெட்டியைப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான், நியூயார்க்கிலிருந்து வந்தவர், இங்கே இதுதான் அவருக்கு முதல் குளிர்காலம். சாவு என்றதும் பாவம், வருத்தப்பட்டார். இன்னொரு நாள் எழுதுகிறீர்களா, நான் பன்றிக்குட்டியை மறுபடி எடுத்துவைக்கிறேன் என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? என்னை வளர்த்தபடி சொன்னேன். வேண்டாம் சார், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். நம் ஊரில் ஒரு துண்டு கேக்கைக்கூட யாராவது முதல் தடவையே வாங்கிக்கொள்வார்களா? ரெண்டாம் தடவை நீட்டினால் இருக்கட்டும் என்போம், மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று தட்டை நீட்டுவோம். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கேட்டார், சரிங்க என்றார், பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். ஆள் இல்லாத வகுப்பில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நாள் கம்ப்யூட்டரில் பார்த்தால் என் பெயருக்கு நேரே முட்டை.

அப்பாவிடம் சொன்னால், அவரே திரும்பக் கேட்பார், பொறு என்கிறார். பொறுத்தேன். முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன், வகுப்பு முடிந்ததும் வேண்டுமென்றே கோட்டை மெதுவாக மாட்டினேன், பனியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவரும் பனியைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். இந்தப் பாடத்தில் தேறவில்லையென்றால் மறுபடி அடுத்த வசந்தத்தில்தான் நடத்துவார்கள், வேலை அதுவரைக்கும் எனக்காகக் காத்திருக்குமா? நேற்று நேரே அவர் அறைக்கே போய்விட்டேன், உட்காரக்கூட இல்லை. "வேண்டாம்னு சொன்னேன் சார். ஆனா எனக்கு வேணும்" என்றேன். காது ரெண்டும் பற்றி எரிந்தது. இத்தனை வயதில் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். வியாழக்கிழமை மத்தியானம் வரச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம், இதற்கா நான் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன மாதம் போனில், பட்டமளிப்புக்கு நான் வரட்டுமா அம்மா என்று கேட்டாய். வேண்டாம்டி, எதற்கு அவ்வளவு தூரம், லீவை வீணாக்காதே என்றேன். நீயும் சரிம்மா என்று பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்னொரு தடவை கேட்பாய் என்று போனை எடுக்கிறேன், நீ உன் ஆபீஸ் கதையையும் பூனைக்குட்டி கதையையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். வாத்தியாருக்குத் தெரியாது, வெளியூர்க்காரர். உனக்குமா தெரியாது? எனக்கு உன்மேல் கோபம் ப்ரிட்டா, நிஜமான கோபம். அந்த மேடையில் என் பெயரைக் கூப்பிடும்போது கீழே நீ இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒருவேளை நான் கோட்டைவிட்டாலும், மேடையே இல்லாமல் போனாலும், அப்போதும் வா. இனி நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், நானே கேட்கிறேன்.

பல் வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், போக வர எல்லா வழியிலும் கூடவே இருக்கட்டும்.

உன்னைப் பெற்ற
ஜோலீன்

தனக்காகவெல்லாம் நீ வர வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இப்போது வெளியே, கார் வருகிற வழியிலிருந்து அவர் மீன் குடிசையை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது.