எல்லாக் கைக்கும் ஒரே கிண்ணம்

லாத்தா,

உங்கள் தங்கைகளைப் போல நானும் உங்களை அப்படித்தான் அழைத்தேன். இன்று பேத்தியின் மழலையர் பள்ளியிலிருந்து கைப்பேசிக்குப் படம் வந்தது. ரம்ஜான் கொண்டாட்டமாம். தெர்மாகோல் பிறை, காகிதத் தொப்பி, பிள்ளைகள் கையில் காலிக் கிண்ணம். கஞ்சி ஊற்றினால் சீருடை கறையாகுமாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். உடனே உங்கள் நினைவு வந்தது.

குடவாசல் பக்கத்துப் பால்வாடியில் நான் டீச்சர், நீங்கள் ஆயா. கூலித் தகராறில் அறுப்பு நின்று, ஊரே இரண்டாகக் கிடந்த வருஷம். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வீட்டிலேயே மருதாணி அரைத்து எடுத்து வந்தீர்கள். மிராசுதாரின் பேரனையும் நடவாட்களின் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, "நாளைக்கு நம்ம பெருநாள், கைய நீட்டுங்க தங்கங்களா" என்று ஒவ்வோர் உள்ளங்கையிலும் நிலா வைத்தீர்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தும் ஒன்றுகூடக் கையை அசைக்கவில்லை.

சாயங்காலம் மிராசுதார் வந்தார். மேடையில் சமத்துவம் முழங்கும் கரைவேட்டிக்காரர். ஊருக்கு முன்மாதிரி என்று பேரனைச் சேர்த்திருந்தவர்.

"பெருநாள் கொண்டாடு, வேண்டாங்கலை. அந்தத் தெருப் பிள்ளைங்களுக்கு வச்ச கிண்ணத்துலேர்ந்தா எம் பேரனுக்கும் வச்சே?"

"ஒரே அரைப்புதாங்க. எல்லாக் கையும் ஒண்ணாச் செவக்கட்டுமேன்னுதான்."

தேங்காய் நாரால் அந்த மூன்று வயதுக் கையைத் தேய்த்தார். மருதாணி போகுமா? தோல்தான் உரிந்தது. பிள்ளை அலற அலற நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுவாரம் உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிள்ளைகளிடம் மதம் பரப்புவதாக ஊரிலிருந்து மனு போனதாம். சமையலறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "நீ என்னம்மா பண்ணுவே, அழாதே" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டீர்கள்.

அந்த மனுவை எழுதியது நான்தான், லாத்தா. அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில், பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா போட்டுக்காட்டும் அதே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் மேல் உள்ள அருவருப்பை விட என் மேல்தான் எனக்கு அதிகம்.

கண் மூடும்வரை பெருநாள்தோறும் எனக்கு வட்டலப்பம் கொண்டுவந்தீர்கள். நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். சொல்ல அத்தனை பெருநாள் இருந்தது. "இனிப்பு சரியா இருக்கா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.